இணைச்சீருக்கு ஒரு சம்மதம்

"சேலையக் கட்டிக்க அம்மிணி. சீர் செய்யற அருமைக்காரரு வந்துட்டாருங்கறாங்க" என்று அம்மா நாச்சியம்மாள் மறுபடியும் சொன்னாள்.

மண்டபத்து அறைக் கட்டிலில் அரக்குப் பட்டு விரிந்து கிடந்தது. சபரீஷ் அதைத் தொடவில்லை. சபரீஷ் என்பது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது லோகப்பிரியா. தான் பெண் உடம்போடு பிறந்துவிட்ட ஆண் என்பதை அவன் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தான், அண்ணன் அருண்குமாரிடம்.

அண்ணன் அடிக்கவில்லை, கத்தவில்லை. "பாத்துக்கலாம் கண்ணு. ஆம்பளையா மாத்தற ஊசியெல்லாம் இப்ப இருக்குது. என்ற கண்ணாலத்துல இணைச்சீருக்கு மட்டும் சேலை கட்டி நின்னுரு" என்றான். கொங்கு வீட்டுக் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடிக்காமல் தாலி ஏறாது. ஒரு நாள் சேலைக்கு ஒரு வாழ்க்கையே கிடைக்கிறதென்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? சபரீஷ் தலையாட்டினான்.

சொன்னபடியே அண்ணன் அவனைச் சிங்காநல்லூருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் வேறு யாருமல்ல, சித்தப்பா முறை. வெளியாளிடம் போனால் ஊர் வாயில் விழவேண்டும், சொந்தமென்றால் விஷயம் நாலு சுவரைத் தாண்டாது என்பது நம் ஆட்களின் புத்திசாலித்தனம். மாதாமாதம் ஊசி. ஒவ்வொரு தடவையும் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வான். சபரீஷ் கண்ணாடி முன் நின்று மீசையைத் தேடினான். மீசை வரவில்லை, மார்புதான் கனத்து வலித்தது. "மொதல்ல அப்படித்தான் இருக்குமாம்" என்றான் அண்ணன். இவனும் நம்பினான். கூடப்பிறந்தவனை நம்பாமல் யாரை நம்புவது?

அந்த டாக்டர்தான் இப்போது அறைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அண்ணி, ஊசி நல்லா வேலை செஞ்சிருக்குதுங்க. இப்பத்தான் மொகத்துல பொண்ணுக் களை வந்திருக்குது" என்றார்.

நாச்சியம்மாள் கண்ணால் ஜாடை காட்டினாள். அவருக்கு உறைக்கவில்லை.

"எனக்கு என்ன ஊசிங்க போட்டீங்க?" என்று கேட்டான் சபரீஷ்.

"பொண்ணுகளுக்குப் போடறதுதான் கண்ணு. ஒடம்பு சரியானா மனசும் தானா சரியாயிரும். உங்கம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லிப்போட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

"ஊசி எனக்குத்தானுங்களே போட்டீங்க."

"பத்தொம்போது வயசுல உனக்கு என்ன முடிவெடுக்கத் தெரியும்?"

"கல்யாணப் பொண்ணு மௌனிகாவுக்கும் பத்தொம்போதுதானுங்க."

டாக்டருக்குச் சட்டென்று பந்தி ஞாபகம் வந்துவிட்டது. போய்விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய் முறையிடும்? சபரீஷுக்கு அழுகை வரவில்லை. ஊசி ஏறிய இடத்தைவிட அண்ணன் பிடித்திருந்த கைதான் எரிந்தது.

அவன் சட்டை பேண்டோடு மேடை ஏறினான். அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு முனையை அருண்குமார் கையில் கொடுத்து, மறுமுனையை இவனிடம் நீட்டினார். சபரீஷ் வாங்கவில்லை.

"என்ன கண்ணு இது, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் அண்ணன், மெதுவாக.

"எனக்குப் போட்டது என்ன ஊசின்னு உங்களுக்குத் தெரியும்தானுங்கண்ணா?"

அருண்குமார் சேலை முனையைப் பார்த்தபடி நின்றான். "உன்ற நல்லதுக்குத்தான்..."

"கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதானுங்களே என்னையக் கேக்காம உட்டீங்க."

மேளம் நின்றது. நாச்சியம்மாள் ஓடிவந்து அவன் முகவாயைப் பிடித்தாள். "சாமி, நல்ல நேரம் போகுது. நீ புடிக்காம சீர் நடக்காது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. உன்ற சம்மதம் இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்?"

உடம்புக்குள் மருந்து ஏற்றத் தேவைப்படாத சம்மதம், ஒரு சேலை முனையைப் பிடிக்கத் தேவைப்பட்டது. சபரீஷ் அம்மாவின் கையை மெல்ல விலக்கினான்.

"இப்பவாச்சும் கேட்டீங்களேம்மா" என்றான். "எனக்குச் சம்மதம் இல்லீங்க."