ஆடிட்டுக்கு ஒரு கட்டைவிரல்

என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசராகக் குப்பை கொட்டியவளுக்கு வசவெல்லாம் ஒரு பொருட்டா?

மயிலாள் என் மேஜையில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. நாளெல்லாம் அழுத்தி அழுத்தி, கட்டைவிரலின் அடிமூட்டு கழன்று ஆட ஆரம்பித்துவிட்டது. 2006இல் கோயம்புத்தூரில் கைக்கு மட்டும் பயிற்சி வைத்தியம் பார்க்கிற தெரபி அம்மா ஒருவர், பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, அவள் கையிலேயே வைத்து அழுத்திப் பட்டை செய்து மாட்டினார். "ஆறு வாரம் போடுங்க. நடுநடுவுல கழட்டிட்டு நாஞ் சொன்ன பயிற்சியப் பண்ணோணும். அப்புறம் பட்டையும் வேண்டாம், ஆப்பரேசனும் வேண்டாம்" என்றாராம்.

"ஆறு வாரம் பீஸ் அடுக்கறனுங்கக்கா. அப்புறம் என்ற கத்தரிய எனக்கே குடுத்துருங்க" என்று கும்பிட்டாள். விரல் போனால் அவள் பிழைப்பும் போச்சு. எனக்குத் தெரியாதா என்ன? சரி என்றேன்.

நாலாவது வாரம், வேலைக்காரர்களை நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க, எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆடிட் அம்மா வந்தாள். பட்டையைப் பார்த்ததும் உருகிவிட்டாள். யார் போட்டுவிட்டது என்று கேட்க, நான் மயிலாளின் முதுகில் கிள்ளினேன். "கம்பெனிதானுங்க" என்றாள். அந்த அம்மா பட்டை போட்ட கையை மட்டும் படம் எடுத்துக்கொண்டாள். மேனேஜர் பரணிக்கு வாயெல்லாம் பல்.

ஆறு வாரம் முடிந்ததும் மயிலாள் பட்டையில்லாமல் வந்து நின்றாள். கத்தரியை நறுக் நறுக் என்று அமுக்கிக் காட்டினாள். வலியே இல்லையாம். அப்படி ஒரு சிரிப்பு முகத்தில்.

"கழட்டப்படாது" என்றார் பரணி. "அந்தம்மா மறுபடியும் சொல்லாமக் கொள்ளாம வரும். இவளத்தான் தேடும்."

"பயிற்சிக்காச்சும் கழட்டிக்கறனுங்க."

"அந்த நேரம் பாத்து வந்து நின்னா?"

ஷிப்டு முழுக்கப் பட்டை, அதே பீஸ் அடுக்குகிற வேலை. காலை எட்டுக்கு வந்தால் ராத்திரி பத்துக்குத்தான் விடுவோம்; வீட்டுக்குப் போய்ப் பயிற்சி பண்ண அவளுக்குத் தெம்பு ஏது? ஒரு நாள் கக்கூசுக்குள் கழற்றி வைத்துவிட்டு விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி வெளியே இழுத்தேன். "வெரலு வெறைச்சுப் போவுதுங்கக்கா" என்று அழுதாள். "உன்ற ஒத்த வெரலுக்கோசரம் ஆர்டர் போனா முந்நூறு பேரு ஊட்ல அடுப்பெரியாது!" என்று கத்தினேன். மனசு உறுத்தியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பட்டையின் பெல்ட்டை இழுத்து மாட்டியது நான்தான்.

ஐந்து மாதம் கழித்து ஆடிட் அம்மா வந்தாள், மயிலாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், போனாள். மறுநாள் பட்டையைக் கழற்றச் சொல்லிக் கத்தரியைக் கொடுத்தேன். கட்டைவிரல் சூம்பி, உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. விரியவும் இல்லை, மடங்கவும் இல்லை. இடது கையால் அதைப் பிடித்துக் கத்தரியின் மேல் வைத்து அழுத்தினாள். ஒரு நூல்கூட அறுபடவில்லை.

"வெட்ட முடியாதவளுக்கு இங்கென்ன வேல?" என்றார் பரணி. சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டோம். கேட் வரைக்கும் போனவளைக் கூப்பிட்டுப் பட்டையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"அடுத்த ஆடிட்டுக்கு மயிலாள் எங்கீன்னு கேப்பாங்களே சார்?"

"மூஞ்சி யாருக்கும்மா நெனப்பிருக்கும்? பட்டைதான் நெனப்பிருக்கும்."

மயிலாள் இடத்துக்கு நாகஜோதி என்று ஒருத்தி வந்திருந்தாள், மதுரைப் பக்கம். வலது கையை நீட்டச் சொன்னேன்.

"எனக்கு நோவெல்லாம் ஒண்ணும் இல்லையேக்கா" என்றாள்.

கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. மாட்டிவிட்டேன்.