அந்த எடுத்துக்காட்டில் நாய்க்கு இடம் உண்டு

1

இந்தக் கதை ஒரு நாயின் மேல் எனக்கு வந்த பொறாமையில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என் அக்கா தத்துவப் பேராசிரியை. சுற்றுச்சூழல் அறம் அவளுடைய துறை. அதாவது ஆற்றுக்கும் மரத்துக்கும் தவளைக்கும் நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம், ஏன் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கேட்கிற துறை. இளம் வயதில் அவள் எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வரும். ஒரு தெருவில் ஓடிய ஓடையைக் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிடுகிறார்கள். தெருவே அதை மறந்துவிடுகிறது. ஒரே ஒரு சிறுமி மட்டும் பலகையில் காதை வைத்துப் படுத்து, அடியில் தண்ணீர் ஓடுவதைக் கேட்டு ஏங்குகிறாள். அந்த ஏக்கம் அவள் மனதைப் பற்றிய செய்தியா, ஓடையைப் பற்றிய செய்தியா? ஓடையைப் பற்றியது என்பது அக்காவின் பதில். ஏக்கம் வெறும் வலி இல்லை, ஒன்றின் மதிப்பை அறிகிற வழி. ஒருத்தி ஏங்கினாலே போதும், மூடியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்குத் ‘தனிச் செவி வாதம்’ என்று பெயர். சட்டம் படிப்பவர்கள் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். நகரம் திட்டமிடுபவர்கள் இதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு அக்காவுக்குப் பக்கத்தில் நானும் படுத்திருந்தேன்.

2

ஓர் எடுத்துக்காட்டு அறிஞர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும். ஒருவர் ஓடையை ஆறாக்கினார். இன்னொருவர் சதுப்பு நிலமாக்கினார். ஒருவருக்குச் சிறுமி பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஓய்வுபெற்ற மாலுமியாக மாற்றிவிட்டார். போன வருடம் ஒரு புண்ணியவான், விலங்குகளுக்கும் ஏக்கம் உண்டா என்று விவாதிக்க, சிறுமிக்குப் பக்கத்தில் ஒரு நாயைப் படுக்க வைத்தார். நாய் ஓகோவென்று பிரபலமாகிவிட்டது. கருத்தரங்கு ஒன்றில் கொடுத்த துணிப்பையில் சிறுமியும் நாயும் படமாக இருந்தார்கள். அந்தப் பையை அக்கா எனக்கு அனுப்பி வைத்தாள்.

நாய் சிறுமியின் இடது பக்கம் படுத்திருந்தது. நான் படுத்திருந்த பக்கம்.

(சிரிக்கலாம், வாசகரே. நானும் சிரித்தேன். அந்தப் பையில் ஒரு வாரம் வெங்காயம்கூட வாங்கினேன். அப்புறம் அதைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன், கண்ணில் படாத தட்டில்.)

3

தொடக்கத்தை இப்படி எழுதியிருந்தேன்: ‘மழை விட்ட மாலையில் இரண்டு சிறுமிகள்...’

வேண்டாம். அன்று மழை பெய்யவில்லை. மழையைக் கூப்பிட்டால் சோகமும் கூடவே வந்துவிடும் என்கிற சோம்பேறித்தனம் இது.

அடுத்தது: ‘அக்காவின் நீண்ட பின்னல் சாலையில் கிடந்தது...’

இது உண்மை. ஆனால் நீங்கள் ஆம்புலன்ஸைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அக்கா எட்டாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போவேன் என்பதால் வீட்டில் எனக்கு ‘வாலு’ என்று பெயர். பலகைகளைப் போட்டு முடித்து ஆட்கள் போன பிறகு, அக்கா தெருவில் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். நானும் படுத்தேன். வெயிலில் காய்ந்த பலகை இன்னும் சூடாக இருந்தது.

“பேசாதே.”

“நான் பேசவே இல்லையே.”

“மூச்சு விடுற சத்தம் கேக்குது. மெதுவா விடு.”

மெதுவாக விட்டேன். மாடியிலிருந்து அம்மா, “நடுத்தெருவுல படுத்துக்கிட்டு என்னடி கூத்து இது, எழுந்திரிங்க ரெண்டு பேரும்!” என்று கத்தினாள். அக்கா அசையவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கைத் தாண்டி வழிந்து பலகையில் சொட்டியது. அவளுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டிருக்கிறது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

[இந்த வாக்கியத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். இது இல்லாமல் கதை இன்னும் அழகாக இருக்கும்.]

அடுத்த வருடம் அக்கா விடுதிப் பள்ளிக்குப் போனாள். அங்கிருந்து கல்லூரி, அங்கிருந்து இன்னும் தூரம். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் விருந்தாளியாகத்தான் வந்தாள். வால் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

4

நான் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லா தெரியுதா, முன்னது நல்லா தெரிஞ்சுதா?” என்று கேட்பது என் பிழைப்பு. இதில் ஒரு தொல்லை உண்டு. என்னமோ பரீட்சை எழுதுகிற மாதிரி, தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பிக் கண்ணாடி செய்தால், மாட்டிக்கொண்டு போகிறவருக்குத் தலைவலி.

போன வாரம் ஒரு லாரி ஓட்டுநருக்குப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன். அம்மாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கூப்பிடுவாள். அன்று ஞாயிறு இல்லை.

“வாலு, ஒண்ணு கேக்கணும். இப்ப பேசலாமா?”

“பேசுங்கம்மா, நான் எங்கேயும் போகல” என்றார் ஓட்டுநர், சட்டத்தோடு.

அந்தக் கட்டுரை இருக்கிற புத்தகம் மறுபதிப்பாக வருகிறதாம். அக்கா புதிதாகப் பின்னுரை எழுத வேண்டும். ஓர் ஆராய்ச்சி மாணவி கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறாள்.

“அந்தச் சிறுமிக்கு வெறும் காது இரைச்சலா இருந்திருக்கலாமே, வேற யாருக்காவது கேட்டுச்சான்னு கேக்குறா. நியாயமான கேள்விதான். நீதான் அன்னைக்குப் பக்கத்துல இருந்தே.”

“உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? என் பின்னல் மேல தலையை வெச்சுப் படுத்துட்டு நகரவே மாட்டேன்னுட்டே. எழுந்திரிக்கும்போது உயிரே போச்சு.”

அவள் மறந்துவிட்டாள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“அப்புறம் ஏன் என்னை எழுதல?”

“ரெண்டு பேருன்னா அது சாட்சி ஆயிடும், வாலு. ஒருத்தி மட்டும் இருந்தா நிக்குமாங்கிறதுதான் என் கேள்வி. அதனால உன்னை அதுலேருந்து எடுத்துட்டேன். மனசே வரல.”

“நாயைச் சேத்திருக்காங்களே.”

“அதைப் பாத்தப்ப எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? அது உன்னோட இடம்.”

ஓட்டுநர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

“சொல்லு, உனக்கும் கேட்டுச்சா?”

“நேர்ல வா, சொல்றேன்.”

“சனிக்கிழமை வரேன்.”

இன்று சனிக்கிழமை.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

கேட்டது என்று சொல்லலாம். புத்தகத்துக்குள் போய்விடுவேன், நாய் எழுந்து இடம் விடும். ஆனால் அக்கா தவறான கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை நடப்பாள்.

கேட்கவில்லை என்று சொல்லலாம். அப்போது அந்தப் பலகையின் மேல் அவள் நிஜமாகவே தனியாகிவிடுவாள். அதை நான் என் வாயால்

(முடிக்க முடியவில்லை.)

அந்தப் போனுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: என் தலை அவள் பின்னல் மேல் இருந்திருக்கிறது. என் காதுக்கும் பலகைக்கும் நடுவில் அக்காவின் முடி. நான் ஓடைக்குக் காது கொடுக்கவே இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அவள் அழுதது. காது இரைச்சலுக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள் என்று அந்த மாணவியிடம் சொல்வேன். தத்துவத்தில் அது செல்லுமா என்று தெரியாது.

ஏக்கம் என்பது ஏங்கப்படுவதைப் பற்றிய அறிவு என்கிறாள் அக்கா. நானும் இத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். ஓடைக்காக அல்ல. அவளுக்காக.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்கவில்லை. “வா, போய்ப் படுக்கலாம்” என்கிறாள். தெரு முழுக்கத் தார் போட்டாகிவிட்டது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டியதில் எங்கள் வாசலுக்கு நேரே ஒரு பலகை மட்டும் வெளியே தெரிகிறது.

படுத்துவிட்டோம். என் முழங்கால் கடகடவென்றது. மாடியிலிருந்து அம்மா, “இந்த வயசுல ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா?” என்கிறாள். பைக்கில் வந்த ஒருவர் ஒதுங்கிப் போகிறார். அக்காவின் முடி இப்போது கட்டையாக வெட்டி நரைத்திருக்கிறது. என் காதுக்கும் பலகைக்கும் நடுவில் எதுவும் இல்லை.

“கேக்குதா, வாலு?”

வாசகரே, சட்டத்தை உங்கள் மூக்கில் மாட்டிவிட்டேன். ‘கேட்கிறது’ ஒரு வில்லை, ‘கேட்கவில்லை’ இன்னொரு வில்லை. இது நன்றாகத் தெரிகிறதா, முன்னது நன்றாகத் தெரிந்ததா? நிதானமாகப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை அக்கா என் பக்கத்திலேயே படுத்திருப்பாள். அவசரப்படாதீர்கள்.