பதினொரு வீட்டுப் படிக்கட்டு

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, பழனிமுத்துவைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றிய பத்தாவது நிமிடம், கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் நான்கு மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டு இல்லாமல் போனது. இடியவில்லை, தூசி கிளம்பவில்லை. கைபிடிக் கம்பியோடு மொத்தமாகப் போய்விட்டது. தேங்காய் விலை ஏறியதும் அந்த வாரம்தான். பழனிமுத்து அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பதினொரு வீட்டுக்கும் மோட்டர் போட்டுத் தண்ணீர் ஏற்றியவர், காஸ் சிலிண்டர் சுமந்தவர், குப்பை இறக்கியவர். படுக்கை படிக்கட்டுக்குக் கீழே.

காரணம் உடனே விளங்கியது மூன்றாம் மாடிக் கனகேஸ்வரிக்கு மட்டும். லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தை வெளியிடுபவர்கள் சேர்க்காமல் விட்ட மென்பொருள்களை, முகம் தெரியாத ஆறேழு பேர் பொதிகளாகக் கட்டி ஓர் இணையக் களஞ்சியத்தில் வைத்தார்கள். பொதி கட்டும் விதிகளை எழுதியவள் அவள். முதல் விதி, உன் பொதி எதையெதை நம்பி ஓடுகிறதோ அத்தனையின் பெயரையும் எழுது என்பது. ஒரு பெயர் விடுபட்டாலும் திருப்பி அனுப்புவாள். “என்ர மெஷினில ஓடுதுதானே” என்று ஜெர்மனியிலிருந்து முறையிட்ட நாகேந்திரத்துக்கு, “உன்ர மெஷினில அது ஏற்கெனவே இருக்கு, அதுதான் உனக்குத் தெரியேல்லை” என்று பதில் போட்டவள்.

யுத்த காலம். கட்டிடத்தில் இருப்போர் விபரத்தைப் பொலிஸ் கேட்டபோது எழுதிக் கொடுத்ததும் அவள்தான். “படிக்குக் கீழ படுக்கிறவனை ஏன் பிள்ளை எழுதுறாய்? ஆயிரம் கேள்வி கேப்பாங்கள்” என்றார் கட்டிடச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் சிவபாதசுந்தரம். அவள் எழுதவில்லை. சுற்றிவளைப்பில் விபரத்தில் பெயரில்லாதவர்களைத்தான் ஏற்றினார்கள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒழுங்கையில் நின்றவர்களிடம் ஏணி வாங்கி இறங்கிப் பொலிஸுக்குப் போனாள். பதினொரு வீட்டாரும் இவர் எங்களோடு இருப்பவர் என்று கையெழுத்து வைத்தால் விடலாம் என்றார்கள். கடிதத்தோடு ஏணியில் ஏறி வீடு வீடாகத் தட்டினாள்.

“எங்களுக்கே இஞ்ச நிலையில்லை. தோட்டத்தாளுக்குக் கையெழுத்து வைச்சு, நாளைக்கு என்னையும் ஏத்தினால்?” என்றார் சிவபாதசுந்தரம்.

“இவ்வளவு நாளும் உங்களுக்குத் தண்ணி ஏத்தினவர் ஆர்? கால் வைக்கப் படியில்லாமல் நிக்கிறியள், இன்னும் வெக்கம் வரேல்லையோ?”

“மேசனைக் கூப்பிட்டுப் புதுசாக் கட்டுவம், பிள்ளை.”

மூன்று முறை கட்டினார்கள். சீமெந்து காயக் காய மூன்றும் போயின. சனத்துக்கு ஒரு கையெழுத்தைவிடச் சீமெந்து மலிவு. அவளது ஒற்றைக் கையெழுத்தைப் பொலிஸார் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு, பஸ் எங்கே போனது என்று கேட்டால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது.

யுத்தம் முடிந்தது. பழனிமுத்து வரவில்லை. அந்தக் கட்டிடத்தில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் ஏணியில் ஏறப் பழகினார்கள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியானபோது சிவபாதசுந்தரம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: மூன்று அறைகள், கடற்காற்று, அலுமினிய ஏணி வசதியுண்டு. முதல் நாளே ஏழு பேர் வந்து பார்த்தார்கள். படிக்கட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.