மேனாம்பேட்டுக் காற்றைக் குடித்த கார்

மேனாம்பேட்டில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மூன்றாவது குறுக்குத் தெருவில், 2023ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, நாற்பது நொடிகள் காற்று இல்லாமல் போயிற்று. பதினெட்டு வீடுகளில் அடுப்பு அணைந்தது. கொடியில் கிடந்த துணிகளெல்லாம் கிழக்கு முனையைப் பார்த்து விறைத்து நின்றன. ஊதுபத்திப் புகை பூஜை அலமாரிகளை விட்டுக் கிளம்பி, வாசற்படி தாண்டி, நூல் பிடித்தாற்போல் வரிசையாகப் போய், பானெட் திறந்து நின்ற ஒரு சின்ன வெள்ளைக் காருக்குள் நுழைந்தது. பறந்துகொண்டிருந்த இரண்டு காகங்கள் மதில்மேல் இறங்கி மீதித் தூரத்தை நடந்தே போயின. எதிர்வீட்டு ஜெகதாம்பாள், ஆவடியில் முப்பத்தொரு வருஷம் ராணுவச் சட்டை தைத்து ஓய்வு பெற்றவர், பால்காரரிடம் "நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு சேத்துப் போடு" என்று சொல்ல ஆரம்பித்து "நாளைக்கு" என்பதோடு நின்றுவிட்டார். மீதி வார்த்தைகள் காரின் சைலன்சர் வழியாக, அவருடைய குரலிலேயே, கொஞ்சம் பெட்ரோல் வாசனையோடு வெளியே வந்தன. பால்காரர் அதைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் இரண்டு பாக்கெட் கூடுதலாகவே வந்தது.

கார் கார்த்திகேசனுடையது. நாற்பத்திரண்டு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுபவன். அந்த வருஷம் ஜனவரியில், போகியன்று, அவனுடைய எட்டு வயது மகள் காவ்யாவுக்கு டயர் புகையில் வீசிங் வந்தது. மனைவி அனுசுயா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினான். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். மேம்பாலத்து ஏற்றத்தில் கார் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து ஒன்றுக்கும் இறங்கி, உச்சிக்கு முப்பதடி இருக்கும்போது நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. கண்ணாடியில் குழந்தையின் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே அவன் சாவியைத் திருகினான், திருகினான். யாரோ நான்கு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். காவ்யா பிழைத்துக்கொண்டாள். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வாக்கியம் கார்த்திகேசனின் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அவன் எண்ண ஆரம்பித்தான். குழந்தை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவான். பட்டறையில் லேத் சுற்றும்போது, அவள் இப்போது வகுப்பில் எப்படி மூச்சு விடுகிறாளோ அப்படியே தானும் விட்டுப் பார்ப்பான், தலை சுற்றும். குழந்தையின் நெஞ்சுக்கும் காரின் இன்ஜினுக்கும் ஒரே குறைதான் என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டுக்கும் காற்று போதவில்லை. முதலாவதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு லேத் இருந்தது.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில், விபத்தில் நசுங்கிய ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் கிடைத்தது. ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் சுற்றும் இரண்டு உருளைகள் உள்ள அலுமினியப் பெட்டி அது. சாதாரண இன்ஜின் தானாக எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு காற்றில்தான் ஓடும். இந்தப் பெட்டியை, இன்ஜினோடு சுற்றும் கிராங்க் புல்லியோடு ஒரு பெல்ட்டால் இணைத்துவிட்டால், இது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினின் வாயில் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம். பெட்ரோல் கூடினால் பாலம் ஏறலாம். அனுசுயாவின் தம்பி செல்வகுமார் குமணன்சாவடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"மாமே, கம்பெனிக்காரன் இது இவ்ளோதான் துன்னும்னு அளந்து செஞ்சுகீறான். நீ வாய்ல தள்ளிகினே இருந்தா ஹெட் கேஸ்கெட் புட்டுக்கும். பிஸ்டன்ல ஓட்ட உயுந்துடும்."

"உயுந்தா பாத்துக்கலாம் மச்சான். பாலத்துல நிக்கக் கூடாது. அவ்ளோதான் எனுக்கு."

ஏழு ஞாயிறுகள் ஆயின. பெட்டி மெதுவாகச் சுற்றட்டும் என்று கார்த்திகேசன் பெரிய புல்லி ஒன்றைத் தானே கடைந்தான். அழுத்தம் தாங்க இன்ஜின் தலையை அடைக்கும் கேஸ்கெட்டைத் தடித்ததாகப் போட்டார்கள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரியதாகப் போட்டார்கள், தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளினார்கள். எட்டாவது ஞாயிறு செல்வகுமாரால் வர முடியவில்லை. கார்த்திகேசன் தனியாகச் சாவியைத் திருகினான். முதலில் ஒரு விசில் சத்தம் வந்தது, என்னவென்று பார்க்க இறங்கி பானெட் பக்கம் போனான். பிறகு தெருவில் காற்று தீர்ந்தது.

அவன் பானெட்டைப் பிடித்தபடி முழங்காலில் விழுந்தான். ஜன்னல்களில் முகங்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. சாவி மூன்றடி தூரத்தில் இருந்தும் அவனால் எட்ட முடியவில்லை. வாசற்படியில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த காவ்யா மட்டும் எழுந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சாதாரணமாக நடந்து வந்து, கதவைத் திறந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். காற்று திரும்பி வந்த வேகத்தில் தெருவின் கதவுகளெல்லாம் ஒரே சமயத்தில் அறைந்தன. அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"இன்னாப்பா, எல்லாரும் இப்டி முழிக்கிறீங்க? எனக்கு டெய்லி இப்டிதான இருக்கும்."

அவள் புகாராகச் சொல்லவில்லை. காற்று அப்போதுதான் வந்திருந்ததால் தெருவில் வேறு சத்தம் எதுவும் இல்லை. பதினெட்டு வீட்டுக்கும் கேட்டது.

ஆனாலும் மாலையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது. செயலாளர் பரந்தாமன், அதே தெருவில் இருக்கும் ராஜம்மாவின் கைக்குழந்தை நீலம் பாரித்ததைச் சொல்லி, அந்தக் கார் இனிமேல் இப்படி ஓடக் கூடாது என்றார். கார்த்திகேசன் பெல்ட்டைக் கழற்றி வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். அடுத்த வாரம் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். அவர் கொண்டுவந்த படிவத்தில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, காற்றுக்கு இல்லை. நாய்த்தொல்லையில் எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகு தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் குப்பைக்குத் தீ வைப்பது நின்றது. கொசுவர்த்தி ஏற்றுகிறவர்கள் கிழக்குப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு ஏற்றினார்கள். சாயங்காலம் ஜெகதாம்பாள் கேட்டுக்குள் தலையை நீட்டி, "கொழந்த இன்னிக்கு எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுப் போவார். மார்கழி பிறந்தது. கார்த்திகேசன் காலண்டரைக் கிழிக்கும்போது இரண்டு தாளை ஒன்றாகக் கிழித்துவிட்டு, பயந்து, ஒன்றை மறுபடி ஒட்டினான். பக்கத்துத் தெரு முனைகளில் பழைய பாய்களும் டயர்களும் சேர ஆரம்பித்தன.

"போகி வருது," என்றாள் அனுசுயா.

"தெரியும்."

"பெல்ட்ட மாட்டி வை."

"ராஜம்மா ஊட்ல கைக்கொழந்த கீது அனு. அதுவும் ஒரு உசுருதான?"

அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்கள். குழந்தையை நான்கு நாள் எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று யோசித்து, திருமுல்லைவாயிலில் இருக்கும் பெரியம்மா வீட்டை நினைத்து, அங்கேயும் போகி உண்டு என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டார்கள்.

போகியன்று மூன்றாவது தெருவில் ஒரு காகிதம்கூட எரியவில்லை. புகை நான்காவது தெருவிலிருந்தும், இரண்டாவதிலிருந்தும், ஊர் முழுவதிலிருந்தும் வந்தது. பொழுது நன்றாக விடிந்தும் ஏழு மணிக்கு எதிர்வீடு தெரியவில்லை. காவ்யா இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோள் குலுங்க, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நெபுலைசர் இரண்டு முறை வைத்தும் கேட்கவில்லை. கார்த்திகேசன் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தான். மாட்டுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும் வேலை. பெல்ட் இரண்டு முறை நழுவியதில் நான்கு நிமிஷம் ஆனது. மாட்டிய பிறகு சாவியைப் பிடித்துக்கொண்டு, திருக முடியாமல், தெருவைப் பார்த்து நின்றான். தன் குழந்தைக்காக எத்தனை குழந்தையின் மூச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போடும் நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்தது எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

புகைக்குள்ளிருந்து ஜெகதாம்பாள் வந்தார். கையில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன. அனுசுயாவின் தோளில் கிடந்த குழந்தையை ஒருமுறை பார்த்தார்.

"ஒக்காரு வண்டில. நான் கை காட்டுன அப்பறம் எடு."

அவர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டே தெருவில் நடந்தார். "அடுப்ப அணைங்க! மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்கோங்க! நம்ம காவ்யா வண்டி கெளம்புது!" பதினெட்டு வீட்டிலிருந்தும் ஜனங்கள் வாசலுக்கு வந்து, கன்னம் உப்ப நின்றார்கள். ராஜம்மா ஆழமாக இழுத்து, தன் குழந்தையின் வாய்மேல் வாய் வைத்து, இருவருக்குமாக ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பரந்தாமன் போனை வாயருகில் வைத்து, தனக்குத் தெரிந்த எல்லாக் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் பேசி அனுப்பினார்: ஒரு வெள்ளைக் கார் வருகிறது, விசில் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளவும், சத்தம் போன பிறகு விடவும். பிறகு அவரும் பிடித்துக்கொண்டார். ஜெகதாம்பாள் தெருமுனையில் கையைத் தூக்கினார்.

அன்று காலை கார் போன வழியெல்லாம் புகை இல்லாமல் போயிற்று என்பதை மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். புகை முழுவதையும் கார் உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னால் துடைத்து வைத்தாற்போல் வெயில் விழுந்தது. டீக்கடையில் மாஸ்டர் அடுப்பை நிறுத்திவிட்டு டம்ளரைத் தூக்கிய கையோடு நின்றார். பஸ் கண்டக்டர் வாயில் வைத்த விசிலை ஊதவில்லை. மேம்பாலத்தில் பைக்கில் வந்தவர்கள் ஓரமாக நிறுத்திக் கன்னத்தை உப்பிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத அவர்களுடைய முகங்களைத் தாண்டி, மூன்றாவது கியரிலேயே கார் ஏறியது. வெப்பமுள் சிவப்பைத் தொட்டு அதற்கு மேல் இடமில்லாமல் துடித்தது. கார்த்திகேசன் அதைப் பார்த்தான், கண்ணாடியில் குழந்தையின் உதட்டைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வாசலில் கேஸ்கெட் வெடித்து வெள்ளை ஆவி கிளம்பியபோது, அனுசுயா ஏற்கெனவே குழந்தையோடு உள்ளே ஓடியிருந்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை எழிலரசி என்ற நர்ஸ் வந்து பார்த்தாள். பாப்பாவுக்கு மருந்து ஏறிவிட்டது, தண்ணீர் கேட்கிறாள் என்றாள். அவன் தலையாட்டினான். அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, மூச்சு உடுங்க" என்றாள். அப்போதுதான் வீட்டில் இழுத்த மூச்சை இன்னும் விடவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. விட்டான். அழுகையும் கூடவே வந்தது.

செல்வகுமார் செம்புத் தகட்டில் கேஸ்கெட் வெட்டிப் போட்டுக் கொடுத்தான். பிஸ்டன் ஓட்டையாகவில்லை என்பதை அவனால் நம்ப முடியவில்லை. இரண்டு வருஷத்தில் கார் அப்படி ஐந்து முறை கிளம்பியிருக்கிறது. மூன்று முறை காவ்யாவுக்காக, ஒரு முறை பரந்தாமனின் நெஞ்சுவலிக்கு, ஒரு முறை ராஜம்மாவின் இரண்டாவது பிரசவத்துக்கு. கார்த்திகேசன் வாரத்துக்கு இரண்டு தடவை பானெட்டைத் திறந்து பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறான்.

போன மாதம் ஒரு காலையில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜெகதாம்பாளின் மாடிப் போர்ஷனைப் பார்க்க ஒரு புதுக் குடும்பம் வந்தது. வித்யா என்ற பெண்ணும், அவள் கணவனும். ஜெகதாம்பாள் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்: தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், கேட்டை ஒன்பதரைக்குப் பூட்டுவோம், குப்பை வண்டி காலை ஆறரைக்கு வரும், விசில் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நாற்பது எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வித்யா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். மாடியில் துணி காயப்போட இடம் உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றதும் மறுநாளே சாமான்களை இறக்கினார்கள்.