கூப்பிட்டால் கேட்காத வீடு

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வீட்டின் முன்னறையில், தெருப்பக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மிஷினைப் போட்டிருந்தாள். வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து நேரே ஊசியின் மேல் விழும்.

ஆனால் அந்த ஜன்னல் வழியே வெளிச்சம் மட்டும் வரவில்லை. குளிர்காலத்தில் காற்று பிடரியில் ஊதியது. கோடையில் சுவர் சூடேறி, வெயில் போன பிறகும் அனலைக் கக்கியது. குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், கழுத்தில் மஃப்ளர், காலடியில் ஹீட்டர். கோடைக்கு ஈரத்துண்டு. ஃபேனைப் போட்டால் வெட்டி வைத்த துணியெல்லாம் எழுந்து பறக்கும் என்பதால் அதையும் போட முடியாது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்துகளில் துண்டுத் துணிகளைத் திணித்து வைத்திருந்தாள். "இந்த ஜன்னலுக்குத் தீனி போட்டே என் துண்டுத் துணியெல்லாம் தீந்துடும்" என்று சலித்துக்கொள்வாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் குறுக்கே நின்றது அவருடைய சொந்தத் தங்கைதான்.

தங்கை கட்டட இன்ஜினீயர். பழைய வீடுகளை, கரண்டும் கேஸும் அதிகம் கேட்காத வீடுகளாக மாற்றித் தருவதே அவள் தொழில். நாற்பது வயது, தலையில் ஹெல்மெட், கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பா. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வேலையாட்களும் அவள் முதுகுக்குப் பின்னால் பாப்பா என்றே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"நல்லா நிக்கிற வீட்டை எதுக்கு அண்ணா சாகடிக்கிற?" என்றாள் பாப்பா. "இந்தச் செங்கல்லைச் சுட்ட புகை எப்பவோ போயாச்சு. இடிச்சா மறுபடி சுடணும், மறுபடி சிமெண்ட், மறுபடி லாரி. வீடு கெட்டுப் போகல. போட்டுக்க ஒண்ணும் இல்லாம நிக்குது. ஒரு நல்ல கோட்டு தைச்சுப் போட்டா போதும்."

தையலக்கா பல்லில் பிடித்திருந்த நூலை விட்டாள். "கோட்டா?"

"ஆமா அண்ணி. வெளிப்பக்கம் மரநாரை அழுத்திச் செஞ்ச கனமான பலகை. சுவரை முழுசா சுத்தி ஒட்டிடுவோம். கூரைக்கு மேல அதே மாதிரி இன்னும் தடிமனா ஒண்ணு. ஜன்னலுக்கு மூணு அடுக்குக் கண்ணாடி. காத்து நுழையற இடமெல்லாம் அடைச்சிடுவோம். அப்புறம் உள்ள இருக்கிற சூடு வெளிய போகாது, வெளிய இருக்கிற சூடு உள்ள வராது."

"அப்ப மூச்சு விட வேண்டாமா?"

"அதுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கு அண்ணி. பழைய காத்தை வெளிய அனுப்பும், புதுக் காத்தை உள்ள கொண்டு வரும். போற காத்துல இருக்கிற சூட்டைப் பிடிச்சு வர்ற காத்துக்குக் குடுத்துடும்."

"கோட்டுன்னா சரி" என்றாள் தையலக்கா. "பாக்கெட்டும் வைப்பியா?"

வேலை தொடங்கியது. வீட்டை விட்டுப் போகாமல், ஒவ்வொரு அறையாகக் காலி செய்து கொடுத்துக்கொண்டே குடியிருந்தார்கள். மிஷின் படுக்கையறைக்குப் போனது, அங்கிருந்து சமையலறைக்குப் போனது. துணியில் தூசி படியும் என்று தையலக்கா தைக்கப் புதுத் துணி எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "வேலை முடியட்டும், அப்புறம் வாங்க" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். பழைய ஜன்னலைக் கழற்றியபோது அவள் திணித்த துண்டுத் துணிகள் ஒரு பை நிறைய வந்தன. அந்தச் சட்டத்தின் மரத்தையும் பாப்பா வீணாக்கவில்லை. இழைத்து அலமாரிக்குத் தட்டாக்கிவிட்டாள்.

கடைசியில் பாப்பா வாசலில் ஒரு பெரிய துணியை இழுத்துக் கட்டி, அதன் நடுவே ஒரு ராட்சத ஃபேனை மாட்டினாள். ஃபேன் வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எங்கெங்கே சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். கையில் இருந்த கருவியில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப் பாப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, வீட்டுக்குப் பிரஷர் பாக்குறியா? உப்பைக் குறைக்கச் சொல்லிடலாமா?"

"சும்மா இரு அண்ணா."

புகைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு பாப்பா அறை அறையாகப் போனாள். ஸ்விட்ச் போர்டுக்குள்ளிருந்து காற்று வந்து புகையைக் கலைத்தது. பரண் கதவின் விளிம்பில் புகை சுழன்றது. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் விசில் சத்தம்கூடக் கேட்டது. ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சாயங்காலம் பாப்பா ஃபேனை நிறுத்திவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"பாஸ் அண்ணி!"

"யாரு, நானா?"

"வீடு!"

முதல் குளிர் வந்தது. வெளியே தெருவில் நடப்பவர்களின் வாயிலிருந்து ஆவி பறந்தது. தையலக்கா மஃப்ளரை எடுத்து நாற்காலியில் போட்டாள். பிறகு ஒரு ஜோடி சாக்ஸைக் கழற்றினாள். மறுநாள் மற்றதையும் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள். சில்லிடவில்லை. விரல் விறைக்காததால் தையல் ஓடிய ஓட்டமே வேறாக இருந்தது. ஹீட்டரை எப்போது கடைசியாகப் போட்டோம் என்று யோசித்தாள், நினைவு வரவில்லை. அன்று இரவு கணவர் போர்வையை உதறித் தள்ளிவிட்டுத் தூங்குவதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள்தான் வரவில்லை.

வேலை முடிந்ததும் கூட்டம் மொய்க்கும் என்று நினைத்திருந்தாள். கையில் இருந்த பழைய வேலைகளையெல்லாம் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, கம்பியில் வரிசையாக மாட்டினாள். வாங்கிப் போகவும் ஆள் இல்லை. எப்போதாவது அவள் வாசலைப் பெருக்கும்போது யாராவது பார்த்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதான். தையலுக்காகப் போன் பண்ணும் வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. ஜன்னலருகே நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும் என்றே பழகியிருந்தார்கள்.

"எல்லாரும் ரெடிமேட் கடைக்குப் போயிட்டாங்க போல" என்றாள் கணவரிடம். "நான்தானே வராதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். பழகிட்டாங்க."

"கொஞ்ச நாள் பாரு. நீ தைக்கிற மாதிரி அவன் தைப்பானா?"

அவள் தலையாட்டினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பலகை ஒட்டிய பிறகு சுவர் கனத்துப்போய், ஜன்னல் ஓரத்தில் ஓர் ஆள் சாய்ந்து உட்காரும் அளவுக்கு மேடை கிடைத்திருந்தது. வேலை இல்லாத கையை என்ன செய்வது என்று அதற்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டாள். அதற்கு ஓர் உறை. உறைக்கு ஓரத்தில் பைப்பிங். பிறகு அதுவும் தீர்ந்துவிட்டது.

ஒருநாள் ரொட்டி வாங்கத் தெருக்கோடிப் பேக்கரிக்குப் போனாள். பேக்கரி நடத்தும் அம்மா அவளுடைய மிகப் பழைய வாடிக்கை. வழக்கமாக வாய் நிறையப் பேசுகிறவள், அன்று ரொட்டியைக் கவரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் பெரிய ஆளாயிட்டீங்க."

"நானா?"

"பின்ன? கோட்டு தைக்கணும்னு துணியைத் தூக்கிக்கிட்டு உங்க ஜன்னல்கிட்ட வந்து நின்னேன். அக்கா அக்கான்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க பாட்டுக்கு மிஷினை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. தலையைக்கூடத் திருப்பல. வீடு புதுசானா மனுஷங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்களா? நான் மட்டுமா? சலூன்காரர் வீட்டம்மாவும் இதையேதான் சொன்னாங்க."

தையலக்காவுக்கு முகம் சிவந்துபோனது. "ஐயோ, சத்தியமா கேக்கலம்மா!"

"அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்."

"அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேக்கல. நம்பலைன்னா வாங்க, இப்பவே காட்டுறேன்."

பேக்கரியம்மா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நம்பாத முகத்தோடு கூடவே வந்தாள். தையலக்கா அவளை வீட்டுக்குள் அனுப்பி, நாற்காலியில் உட்கார்ந்து மிஷினை ஓட்டச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து ஜன்னலருகே நின்றாள்.

"அக்கா!" என்று கத்தினாள். பிறகு இன்னும் உரக்க, "அக்கா! இருக்கீங்களா?"

மூன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கரியம்மாவின் முதுகு அசையவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். தையலக்கா இரு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அக்கா! தையலக்கா!"

அந்த நேரம் பார்த்துக் கணவர் டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார். தன் மனைவி தெருவில் நின்று, தன் வீட்டைப் பார்த்து, தன் பெயரையே சொல்லிக் கூப்பிடுவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா ஆச்சு? உள்ள யாரு?"

"பேக்கரியம்மா."

"அவங்க எதுக்கு உள்ள? நீ எதுக்கு வெளிய?"

"அவங்களுக்குக் கேக்கலங்க!" என்றாள் தையலக்கா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "யாரும் ரெடிமேட் கடைக்குப் போகலங்க. எல்லாரும் இங்க வந்து கூப்பிட்டிருக்காங்க. எனக்குத்தான் கேக்கல!"

இருவரும் உள்ளே போனார்கள். பேக்கரியம்மா நாற்காலியில் இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் மேடைக்கு மாறி, மெத்தையில் சாய்ந்து, சால்வையை அவிழ்த்து மடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"இப்ப நம்புறீங்களா?"

"கூப்பிட்டீங்களா என்ன?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் பேக்கரியம்மா. "நம்புறேன், நம்புறேன். கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டுப் போறேன். என்ன ஒரு இதம்! எங்க கடைல மாவு மிஷின் சத்தம், வீட்டுல தெருச் சத்தம். இப்படி உக்காந்து எத்தனை நாளாச்சு."

விஷயம் தெரிந்ததும் பாப்பா ஓடி வந்தாள். வந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு ஜன்னல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காத்தை அளந்தேன், சூட்டை அளந்தேன், ஈரத்தை அளந்தேன். உங்க கடைக்குக் காலிங் பெல்லே கிடையாதுங்கிறதை மட்டும் கவனிக்கல. ஸாரி அண்ணி."

"எனக்கே தெரியலையே, உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆனா ஒண்ணு அண்ணி. பகல்ல நல்ல வெயில் அடிக்கிற நேரத்துலகூட ஜன்னலைத் திறக்கவே இல்லையா?"

தையலக்கா தயங்கினாள். "திறக்கலாமா?"

"என்ன அண்ணி கேள்வி இது?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு அடைச்சியே. திறந்தா ஃபெயிலாயிடுமோன்னு…"

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, நான் உங்களை டப்பால போட்டு மூடல! ஜன்னல்னா திறக்கத்தான். வெளிய நல்லா இருந்தா திறங்க, இல்லேன்னா மூடுங்க. அடைச்சதெல்லாம் நாம கேக்காம நுழையற காத்துக்கு."

அன்றே வாசலில் பெல் வைத்தார்கள். "அக்காவைக் கூப்பிட இதை அமுக்கவும்" என்று கணவர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். மிஷினை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்கள். வெளிச்சமும் கெடவில்லை, யார் வந்து நின்றாலும் கடைக்கண்ணில் தெரிந்தது. மிச்சத்தைப் பேக்கரியம்மாவின் வாய் பார்த்துக்கொண்டது. ரொட்டி வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் அவள் இந்தக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தையலக்கா தெருவில் நின்று கத்திய நேரம் நீண்டுகொண்டே போனது.

கம்பியில் தொங்கிய துணிகள் ஒரு வாரத்தில் காலியாயின. புதுத் துணிகள் வந்து குவிந்தன. வந்தவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு உடனே போகவும் இல்லை. அளவு எடுத்து முடிந்த பிறகும் ஜன்னல் மேடையில் சாய்ந்து, வெளியே நடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் வீட்டம்மா ஒருநாள் கறிகாயைக் கொண்டுவந்து அங்கேயே நறுக்கினாள்.

பேக்கரியம்மா மட்டும் பாப்பாவைத்தான் தேடினாள். அவள் குடியிருந்தது கடைக்கு மேல் மாடியில். கீழே அடுப்பு எரிவதால் கோடையில் தரை கால் வைக்க முடியாதபடி கொதிக்கும்; குளிரிலோ கூரை வழியாக எல்லாச் சூடும் போய்விடும்.

"என் வீட்டுக்கும் ஒரு கோட்டு தைச்சுக் குடும்மா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா அளக்கப் போனாள். தையலக்காவும் கூடவே போனாள். பாப்பா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அண்ணி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தரைக்கு அடியில ஒரு பலகை வைக்கணும் அண்ணி. அடுப்புக்குழாய்ல வீணாப் போற சூட்டைத் தண்ணிக்குத் திருப்பிட்டா, குளிக்க வெந்நீருக்குக் கரண்டே வேண்டாம்."

"முதல்ல பெல் இருக்கான்னு பாரு" என்றாள் தையலக்கா. பேக்கரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது தையலக்காவின் போன் அடித்தது. கணவர்தான். அன்று அவருக்கு லீவு; வீட்டில் தனியாக இருந்தார்.

"எப்ப வருவே? இங்க பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. மூணு பேர் வந்தாச்சு. அக்கா இல்லன்னு சொல்லிட்டேன். பரவாயில்லன்னு உள்ள வந்து உக்காந்துட்டாங்க. எழுந்திரிக்கிற மாதிரியே தெரியல. நான் என்ன பண்ணட்டும்?"

தையலக்கா டேப்பை விடாமல், போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். உக்காரட்டும்" என்றாள். "டீ போட்டுக் குடுங்க. நாங்க இன்னும் கூரையே அளக்கல."