ஒரு விரல் வாட்டம்

வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றியாயிற்று. தண்ணீர் நகரவில்லை.

குளியலறை வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். ஊற்றியவள் மேஸ்திரி. வீட்டுக்காரி நாத்தனார். நடுவில் நின்றவள் தரையைப் போட்டவள், நாத்தனாருக்கு அண்ணி. ஜன்னல் சுவர் மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை இருந்தது. அதற்கு வேலை இல்லை. கூரை விளக்கு தண்ணீரில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது.

"அண்ணி, இதுல மீன் வளர்க்கலாம்," என்றாள் நாத்தனார்.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்தாள். நாலு மூலையிலும் விரலை வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே ஆழம்.

"தரை அழகா இருக்குக்கா. இப்படி ஒரு மட்டத்த நான் பாத்ததே இல்ல. அதான் வினை."

"நூல் கட்டித்தான் ஆரம்பிச்சேன் மேஸ்திரி. நீங்க சொன்ன மாதிரி ஓட்டைப் பக்கம் ஒரு விரல் இறக்கி."

"கட்டினீங்க. நான்தான் பாத்தேனே. அப்புறம் தண்ணி ஓடற வாட்டம் எங்க போச்சு?"

"எங்க அண்ணிக்கு வாட்டமெல்லாம் முகத்துலதான்," என்றாள் நாத்தனார். "பதினெட்டு வருஷமா பாக்கறோம். தரையில விட மறந்துட்டாங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாட்டம் எங்கே போனது என்று தரையைப் போட்டவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நூல் கட்டினாள். கலவை விரித்தாள். முதல் டைலை வைத்தாள். அதன் மேல் ரசமட்டத்தை வைத்தாள். இரண்டடி நீளம், நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி வாசல் பக்கமாக ஒதுங்கி நின்றது. தரை சாய்ந்திருந்தால் குமிழி அங்கேதான் நிற்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் பார்க்கப் பொறுக்கவில்லை. ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. அடுத்த டைலுக்கு அடியில் கலவை அள்ளும் கரணையில் அரை அளவு கூடுதல். நூல் இடைஞ்சலாக இருந்தது. அவிழ்த்துவிட்டாள். கை தன்பாட்டுக்குத் திருத்திக்கொண்டே போனது. சாயங்காலம் முப்பத்தைந்து டைலிலும் குமிழி நட்டநடுவில் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் வாய்க்குள் பாடினாள்.

அந்தக் கைக்கு அது பதினெட்டு வருஷப் பழக்கம். காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் சரிபார்க்கும் வேலை. எழுத்து கட்டத்துக்குள் நிற்க வேண்டும். கையெழுத்தின் வால் கோட்டைத் தாண்டினால் படிவம் திரும்பிப் போகும். யாரிடம் போகும், அவர் என்ன ஆனார், தெரியாது. ஒரு நாளைக்கு இருநூறு படிவம். "ஏன் வாட்டமா இருக்கீங்க?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்பார். "தலைவலி" என்பாள். தலை வலிக்காது.

அப்புறம் அவள் வீட்டுச் சமையலறைத் தரையை மாற்ற மேஸ்திரி வந்தாள். இவளைவிடப் பதினான்கு வயது இளையவள். காலையில் இடிபாடாகக் கிடந்த இடம் சாயங்காலம் தரையாக இருந்தது. மறுநாள் இவள் வெறுங்காலோடு அதன் மேல் நாலு தடவை நடந்தாள். மறுவாரம் ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தின் வாலைக் கட்டத்துக்கு வெளியே நீட்டிவிட்டாள். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் கலவை சுமந்தாள். கூட வேலை செய்தவர்கள் 'ஆபீசர்' என்று கூப்பிட்டார்கள். முதலில் குத்தலாக, பிறகு பழக்கத்தில். அவள் கணவர் முதல் மாதம் முழுக்க அவள் முதுகைப் பற்றியே விசாரித்தார். நாலாவது மாதம், "பாட்டெல்லாம் பாடுறியே," என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

விடுப்பு நாளையோடு முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலாளர் கூப்பிடுவார். வருகிறாளா இல்லையா, ஒரு சொல் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை ஒரு கிளினிக்கில் மூன்று குளியலறை வேலை இருந்தது. தனியாகப் போட ஆள் வேண்டும். மேஸ்திரி அவளைத்தான் நினைத்திருந்தாள். நாத்தனார் வீட்டுத் தரை அவள் தனியாகப் போட்ட முதல் தரை. இது தேறினால் கிளினிக். தேறாவிட்டால் மறுபடி அலுவலக நாற்காலி.

"விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "குளிச்சதும் தள்ளிவிட்டுக்கறேன். வீட்டு மனுஷி போட்டது, இதுல என்ன குத்தம் சொல்றது?"

மீன் கேலியைவிட இதுதான் சுட்டது.

"மத்தியானம் நான் வந்து மாத்திப் போட்டுடறேன்," என்றாள் மேஸ்திரி.

"வேண்டாம் மேஸ்திரி. போட்ட கைதான் ஒடைக்கணும்."

மேஸ்திரி அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. நாளைக்கு அஞ்சு மணிக்கு வரேன். வாளிய எடுத்து வைங்க. திங்கக்கிழமைக்கு வேற ஆளப் பாக்கணுமா வேணாமான்னு அப்பச் சொல்றேன்."

தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு உளியைப் பிடித்தாள்.

பெட்டியில் மிச்சம் பதினான்கு டைல் இருந்தது. அதற்குமேல் ஒன்று உடைந்தாலும் கடையில் அதே நிறம் கிடைக்காது. ஓரத்தில் உளியைக் கொடுத்து, சின்னச் சின்ன அடியாக அடித்து, நெம்பி எடுத்தாள். சில டைல் முழுசாக வந்தது. சில டைல் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்தது.

"ஒடஞ்சது ஒம்பது," என்றாள் நாத்தனார், சமையலறையிலிருந்து.

"வந்து பாத்தியா?"

"சத்தத்த வெச்சே எண்ணுறேன். நீங்க வேலையப் பாருங்க."

டீயைக் கொண்டுவந்து வாசலில் வைக்கும்போது பதினொன்று. கடைசி வரிசையில் பன்னிரண்டு. அதோடு நின்றது.

தரை மறுபடி இடிபாடாகக் கிடந்தது. அவள் நெற்றியைத் துடைத்தாள். எரிச்சல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அலுவலகத்தில் அவள் செய்த தப்பு ஒன்றுகூட அவளிடம் திரும்பி வந்ததில்லை. எங்கோ போய் யாரோ ஒருவர் தலையில் விழுந்திருக்கும். இது வந்தது. வந்து காலடியில் நின்றது. கையில் உளியும் இருந்தது.

புதுக் கலவை போட்டாள். நூல் கட்டினாள். முதல் டைலைப் பதித்தாள். ரசமட்டத்தை வைத்தாள். குமிழி வாசல் பக்கம் ஒதுங்கியது.

கை ரப்பர் சுத்தியலுக்குப் போனது.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு டைலுக்கு இழுக்கலாம், இரண்டுக்கு இழுக்கலாம். முப்பத்தைந்துக்கு இழுக்க முடியாது. கையைத் திருத்த இன்னொரு பதினெட்டு வருஷம் வேண்டும். நாளைக்கு ஐந்து மணிக்குள் அது நடக்காது.

குமிழியை மறுபடி பார்த்தாள். பிறகு உடைந்த டைல்களைக் கிளறி, கட்டைவிரல் அளவில் ஒரு சில்லை எடுத்தாள். ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் வைத்து டேப் சுற்றினாள். அந்த முனை ஓட்டைப் பக்கம் இருக்கும்படி திருப்பி டைல் மேல் வைத்தாள்.

தரை சாய்ந்திருந்தது. குமிழி நடுவில் நின்றது.

அதற்குப் பிறகு கையை அவிழ்த்துவிட்டாள். அது இஷ்டத்துக்குத் தட்டியது, திருத்தியது, குமிழியை ஒவ்வொரு டைலிலும் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. நீளத்துக்கு ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, சில்லு எப்போதும் ஓட்டைப் பக்கம். சாயங்காலம் நாத்தனார் விளக்கைப் போட வந்தபோது கடைசி டைலின் ஓரத்தை அவள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில இருந்த மாதிரியேதான் இருக்கு அண்ணி."

"இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேஸ்திரி வந்தாள். வாளி நிரம்பி வாசலில் இருந்தது. அவள் அதன் கைப்பிடியைப் பிடித்த நேரம் தரையைப் போட்டவளின் போன் அடித்தது.

"மேலாளர்," என்றாள் அவள்.

"பேசுங்கக்கா. தண்ணி எங்கயும் ஓடிடாது."

"அதுக்குத்தான் நானும் பயப்படறேன்," என்றாள் நாத்தனார்.

மேலாளர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "உங்க நாற்காலி அப்படியே இருக்கும்மா. ஒரு வருஷமா யாரையும் உக்கார விடல."

அவள் தரையைப் பார்த்தாள். கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிந்தது. ஜன்னல் பக்கம் ஒரு விரல் இறக்கம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு டைலாகத் தெரியும்.

"உக்கார விடுங்க சார்," என்றாள்.

போனை இடுப்பில் செருகினாள். நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்திப் பாக்கறதுக்கு முன்னாடியேவா அண்ணி?"

"ஊத்துங்க மேஸ்திரி."

மேஸ்திரி வாசல் பக்கமிருந்து வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் பரவியது. ஒரு நொடி தயங்குவதுபோல இருந்தது. பிறகு முழுத் தண்ணீரும் ஒரே திசையில் நகர்ந்து, ஜன்னல் சுவரை அடைந்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சுழி போட்டு, உள்ளே இறங்கியது. தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம். மேஸ்திரி நாலு மூலைக்கும் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் இருந்தது. தண்ணீர் இல்லை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த ரசமட்டத்தை எடுத்தாள்.

"இது என்ன, ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்பு?"

"ஒடஞ்ச டைல்தான் மேஸ்திரி. இப்ப குமிழி நடுவுல நின்னா வாட்டம் சரியா இருக்குன்னு அர்த்தம். கை கேக்க மாட்டேங்குது. அதான் அதுக்குத் தெரிஞ்ச வழியிலயே விட்டுட்டேன்."

மேஸ்திரி ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். இரண்டடி நகர்த்தி வைத்தாள். திருப்பிக் குறுக்கே வைத்தாள். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு கிளினிக். தெரு முனையிலயே போர்டு இருக்கும்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள். "என்னோடதயும் தரேன். அதுக்கும் ஒரு செருப்பு மாட்டி எடுத்துட்டு வாங்க."

மேஸ்திரி போன பிறகு தரையைப் போட்டவள் கரணையைக் கழுவ உள்ளே வந்தபோது குழாய் திறந்திருந்தது. நாத்தனார் வாளியை இரண்டாம் தடவை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அதான் பாத்தாச்சே. இப்ப எதுக்கு?"

"சும்மா," என்றாள் நாத்தனார். "தண்ணி போறதப் பாக்கலாம்னு."