குரங்கின் கடிபட்ட செவி

செங்குன்றுகளின் பின்னே கதிரவன் இறங்க, நைல் ஆற்றின் நீர் பொன்னிறங்கொண்டு விரிய, மேற்குக் கரையின் கல்லறை வாயில்கள்தோறும் நிழல் நீண்டு கிடந்த மாலைப்பொழுதில், கற்றச்சன் கென்னாவின் பேழையோடு உறவினர் வந்து நின்றனர். மகள் தாமிட்டை முன்பு அடக்கஞ்செய்த அறைதான் அது. வாயிற் களிமண்ணில் கென்னா தன் மோதிரத்தால் அழுத்திய முத்திரை சிதையாதிருக்கக் கண்டு, அவன் மனைவி வெர்னுரோ சற்றே ஆறுதலுற்றாள். கள்வர் மலிந்த அக்குன்றில் தன் மகளேனும் தப்பினாளே என்று எண்ணினாள்.

பேழையை இறக்கியவர்கள் வெளியேறியபின், கென்னாவின் தம்பி இபுய் மடியிலிருந்து மைச்சிமிழ் ஒன்றை எடுத்தான்.

"அக்கரைச் சந்தையில வாங்குனேன் அண்ணி. மேலுலகத்துக்குக் கண்ணுல மை இல்லாமப் போனா, பார்வ தெரியாம அண்ணன் கதிரவ சாமிய விட்டுட்டு அவரு படகுக்காரனக் கும்பிட்டு நிப்பாரு."

சிரிக்க முனைந்த வெர்னுரோவின் முகம் உறைந்தது. சிமிழின் மைக்குழலைத் தழுவியபடி செதுக்கியிருந்த மரக் குரங்குக்கு ஒரு செவி இல்லை. பல் முளைத்த நாளில் தாமிட் கடித்துத் துப்பிய செவி அது. அடக்கத்தன்று அச்சிமிழைக் கூடையிலிட்டு மகளின் தலைமாட்டில் வைத்தவளும் வெர்னுரோவே. அக்கூடையைத் திறந்தாள். வெறுங்கூடை.

"எவனோ திருடன் பூந்திருக்கான்," என்றான் இபுய்.

"முத்திரை உங்கண்ணன் மோதிரந்தானே இபுய். அது அவரு விரல விட்டு எப்பக் கழண்டுச்சு?"

ஆறு பெருகாமல் பஞ்சம் வந்த ஆண்டில் கென்னா ஒருநாள் கோதுமை கொணர்ந்ததும், மேலாள் ஈந்தார் என்றதும், வயிற்றுவலி என்று அவன் ரொட்டியில் ஒரு துண்டும் தொடாதிருந்ததும் அவள் நெஞ்சில் ஒருசேர வந்து தாக்கின.

"எம்புள்ள கண்மைய வித்த ரொட்டி. அத நா ஒருத்தியே தின்னுருக்கேன்."

"மெதுவாப் பேசுங்க அண்ணி. வெளிய தெரிஞ்சா, கல்லறைத் திருடன்னு சொல்லி அண்ணன இங்க வைக்க விடமாட்டாங்க."

கணவனை வெறுக்கவும் அவளால் இயலவில்லை, பொறுக்கவும் இயலவில்லை. பின்பு சிமிழைத் திறந்து, எஞ்சிய மையைக் கோலால் தொட்டு, பேழைமேல் எழுதிய கணவன் கண்களுக்குத் தீட்டினாள்; மார்பிற் குறுக்கிட்ட மரக்கைகளின் நடுவே சிமிழைச் செருகி, அம்முகத்தை நோக்கிப் பேசினாள்.

"எடுத்தது நீதானே. கண்ணத் தொறந்து தேடிப் போயி, நீயே நம்ம புள்ள கையில குடு."

வாயிலில் புதுக் களிமண் பூசினர். மோதிரம் கென்னாவின் விரலோடு உள்ளே போனமையால், வெர்னுரோ தன் உள்ளங்கையை அழுத்தி முத்திரையிட்டாள். பசிக்குத் திருடியவனை, அப்பசி ஆறியவளே மறைத்தாள். அதனைக் குற்றம் என்பார் இருக்கலாம், அவர் அவ்வாண்டில் அம்மேற்குக் கரையில் வாழாதவர்.